ஒரு மூலக்கூறுகூட இல்லாத தண்ணீர் வேலை செய்யுமா? பென்வெனிஸ்த் விவகாரத்தை யார், எப்படிச் சோதித்தார்கள்?

#1 நீர்க்கோலம்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது தொடங்கிய சண்டை இது. பேச்சு ஹோமியோபதிப் பக்கம் திரும்பியதும் என் சித்தப்பா, "தண்ணீருக்கு ஞாபகசக்தி உண்டுன்னு நேச்சர் பத்திரிகையிலேயே வந்திருக்கு" என்று ஒரே போடாகப் போட்டார். அடித்துவிடுகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடினால் நிஜமாகவே வந்திருக்கிறது.

1988 ஜூன் 30 இதழ். பாரிஸை ஒட்டிய கிளமாரில் இன்செர்ம் என்ற அரசு மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் 200ஆம் பிரிவு. அதன் தலைவர் ஷாக் பென்வெனிஸ்த். கட்டுரையில் அவரோடு சேர்த்து 13 பெயர்கள். பிரான்ஸ், இஸ்ரேல், இத்தாலி, கனடா என்று நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள். ஓர் எதிர்ப்பொருளை 1-க்குப் பின் 120 சைபர் போடும் அளவுக்கு நீர்த்த பிறகும் அது ரத்த அணுக்கள் மேல் வேலை செய்கிறது என்கிறார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 28 இதழில் அதே நேச்சர், இது வெறும் மாயை என்று எழுதிவிட்டது. சோதிக்கப் போனவர்கள் மூன்று பேர்: பத்திரிகையின் ஆசிரியர் ஜான் மேடக்ஸ், மேஜிக்காரர் ஜேம்ஸ் ராண்டி, அறிவியல் மோசடிகளைத் தோண்டும் வால்டர் ஸ்டூவர்ட்.

ஹோமியோபதி நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை, அதற்கு இங்கே ஏற்கெனவே பெரிய இழை ஓடுகிறது. என் கேள்வி வேறு. நான்கு நாட்டில் செய்து பார்த்ததை மூன்று பேர் ஒரு வாரம் தங்கி எப்படிக் கவிழ்க்க முடியும்?

#2 கணக்குப்பிள்ளை

முதலில் எண்ணைப் பார்த்துவிடலாம், அப்புறம் சண்டை.

1 மில்லியில் 1 மில்லிகிராம் எதிர்ப்பொருள் கரைந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை எதிர்ப்பொருளின் மூலக்கூறு எடை சுமார் 1,50,000. அவகாட்ரோ எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த ஒரு மில்லியில் இருப்பது ஏறக்குறைய 4-க்குப் பின் 15 சைபர் மூலக்கூறுகள்.

இனி பத்து பத்தாக நீர்த்துக்கொண்டே போங்கள். ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு திரவத்தில் விட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரு பங்கு அடுத்த குழாய்க்கு. 15ஆவது குழாயில் மில்லிக்கு நான்கே மூலக்கூறு. 16ஆவதில் 0.4. அதாவது பத்து மில்லியில் நாலு. 20ஆவதைத் தாண்டியபின் குழாயில் ஒன்று கிடப்பதற்கான வாய்ப்பு லாட்டரியைவிடக் குறைவு. கட்டுரை பேசுவது 120ஆவது குழாயைப் பற்றி. கண்ணுக்கெட்டும் பிரபஞ்சம் முழுவதிலும் உள்ள அணுக்களே 1-க்குப் பின் 80 சைபர் என்றுதான் மதிப்பிடுகிறார்கள்.

ஆகவே "மிகக் குறைந்த அளவு மருந்து" என்று சொல்லாதீர்கள். மருந்து இல்லை. இருப்பது தண்ணீரும் உப்பும். அது எப்படி வேலை செய்யும் என்பதற்குத்தான் பத்திரிகைகள் "தண்ணீரின் நினைவு" என்று பெயர் வைத்தன.

#3 ஆர்னிகா30

கணக்குப்பிள்ளை சார் எண்ணைக் காட்டி பயமுறுத்துகிறார். நடந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. "இருக்க முடியாது" என்பது கண்ணை மூடிக்கொள்கிறவன் சொல்வது.

பென்வெனிஸ்த் ஹோமியோபதி டாக்டர் இல்லை. ரத்தத் தட்டணுக்களைக் கிளப்பிவிடும் காரணி ஒன்றை 70களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், நோய் எதிர்ப்பியலில் பெரிய பெயர். அப்பேர்ப்பட்டவர் கூடத்துக்கு ஒரு மேஜிக்காரரை அனுப்புகிறார்கள்! மூன்று பேரில் ஒருவர்கூட நோய் எதிர்ப்பியல் படித்தவர் இல்லை. சோதிப்பதென்றால் அச்சிடுவதற்கு முன்னால் சோதித்திருக்க வேண்டும். அச்சிட்டுவிட்டு ஆளை அனுப்புவது என்ன நியாயம்? இதை அன்றைக்கே பல விஞ்ஞானிகள் கண்டித்தார்கள். பென்வெனிஸ்த் எழுதிய பதிலில் சேலம் சூனியக்காரி வேட்டையோடு ஒப்பிட்டார். (நம்ம சேலம் இல்லை, அமெரிக்கா.)

20 வருஷமாக நான் ஹோமியோ மருந்து சாப்பிடுகிறேன், கொடுக்கிறேன். மருந்துள்ள உருண்டைக்கும் வெறும் சர்க்கரை உருண்டைக்கும் வித்தியாசம் என் நாக்குக்கே தெரியும்.

#4 லேப்_செல்வி

ஆர்னிகா அண்ணே, கடைசி வரியைக் குறித்து வைத்துக்கொண்டேன், அப்புறம் வருகிறேன்.

நான் பதினாலு வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நீர்த்தல் கணக்கு எல்லோரும் போடுகிறார்கள். அந்த ஆய்வுக்கூடத்தில் ஒருவர் உட்கார்ந்து என்ன செய்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேசோஃபில் என்பது வெள்ளையணுக்களில் ஒரு வகை. ரொம்ப அபூர்வம், நூறு வெள்ளையணுவில் ஒன்று இருந்தால் அதிகம். அதன் வயிற்றுக்குள் துகள்கள் நிறைந்திருக்கும். டொலுய்டின் புளூ சாயம் போட்டால் மற்ற அணுக்கள் நீலமாக இருக்க, பேசோஃபில் மட்டும் சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் பளிச்சென்று தெரியும். ஐஜிஈக்கு (ஒவ்வாமையில் வேலை செய்யும் ஒரு வகை எதிர்ப்பொருள், இந்த அணுவின் மேல் ஒட்டியிருக்கும்) எதிரான எதிர்ப்பொருள் பட்டால் அணு தன் துகள்களை வெளியே கொட்டிவிடும். கொட்டிவிட்டால் சாயம் பிடிக்காது. அந்த அணு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அதாவது பென்வெனிஸ்த் கூடத்தில் எண்ணியது தெரிகிற அணுவை. எத்தனை குறைந்ததோ அத்தனை கொட்டிவிட்டது என்று கணக்கு. மெஷின் கிடையாது. கட்டம் போட்ட கண்ணாடிச் சேம்பர், மைக்ராஸ்கோப், ஒரு மனுஷி. பெரும்பாலும் எலிசபெத் தாவனா என்ற ஆய்வாளர். கட்டுரையில் முதல் பெயர் அவருடையது.

இப்போது என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தனியார் கூடத்தில் பயிற்சி. ஒவ்வொரு ரத்தத்தையும் இரண்டு தடவை எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சீனியரிடம் திட்டு. முதல் தடவை 84 வந்ததா, இரண்டாவது தடவை எண்ணும்போது மனசுக்குள் 84 உட்கார்ந்திருக்கும். 75 தாண்டியதும் கை மெதுவாகும். கட்டத்தின் கோட்டு மேல் பாதி கிடக்கும் அணு ஒன்று இருக்கும், அதைச் சேர்ப்பதா விடுவதா? சாயம் அரைகுறையாகப் பிடித்த ஒன்று இருக்கும், அது பேசோஃபிலா இல்லையா? இன்னும் நான்கு வேண்டுமென்றால் அது பேசோஃபில். வேண்டாமென்றால் அழுக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஏமாற்றவில்லை. அந்த நேரத்தில் அது உண்மையாகவே பேசோஃபிலாகத்தான் தெரிந்தது.

மூன்று மாதத்தில் என் இரட்டை எண்ணிக்கைகள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டன, 84-85, 61-60. சீனியர் பாராட்டினார். எனக்கே பெருமையாக இருந்தது. ஒத்துப்போனதே தப்பு என்று புரிய வருஷங்கள் ஆயின.

#5 கணக்குப்பிள்ளை

செல்வி சொன்னது ரொம்ப முக்கியமான விஷயம், அதைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

சேம்பரில் அணுக்கள் எங்கெங்கோ விழுகின்றன. சராசரி 100 என்றால், எவ்வளவு ஒழுங்காக எண்ணினாலும் ஒரு தடவை 92, இன்னொரு தடவை 109 என்றுதான் வரும். சிதறல் சுமார் 100இன் வர்க்கமூலம், அதாவது 10. இதைவிட நெருக்கமாக ஜோடி எண்ணிக்கைகள் தொடர்ந்து ஒத்துப்போனால், எண்ணியவர் கெட்டிக்காரர் என்று அர்த்தமில்லை. முதல் எண் அவருக்குத் தெரிந்திருந்தது என்று அர்த்தம்.

கிளமார் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிய ஸ்டூவர்ட்டின் கண்ணில் பட்டதும் இதுதான். இயற்கையாக வர வேண்டிய சிதறல் அந்த எண்களில் இல்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். இதைக் கண்டுபிடிக்க நோய் எதிர்ப்பியல் படித்திருக்கத் தேவையில்லை, ஆர்னிகா சார்.

#6 நீர்க்கோலம்

அக்கா, நான்காம் பதிவை இரண்டு தடவை படித்தேன். ஆனால் இது சந்தேகம்தானே, ஆதாரம் இல்லையே? அந்த ஒரு வாரம் என்னதான் நடந்தது?

#7 பழைய_இதழ்

இந்தக் கதையை எனக்குச் சொல்லப் பிடிக்கும். நூலகத்தில் பழைய நேச்சர் தொகுப்பைத் தூசி தட்டிப் படித்த காலம் உண்டு.

ஒரு திருத்தம். அச்சிட்டுவிட்டுத் திடுதிப்பென்று ஆளை அனுப்பவில்லை. கட்டுரையோடு ஆசிரியர் குறிப்பு ஒன்றும் வந்தது. வேறு ஆட்கள் நேரில் வந்து சோதிப்பார்கள், பென்வெனிஸ்த்தும் சம்மதித்திருக்கிறார் என்று அதில் இருந்தது. வரிசை தப்பு என்று ஆர்னிகா சொல்வது நியாயம்தான், எனக்கும் அது நெருடல். ஆனால் பதுங்கிப் போய்த் தாக்கவில்லை.

ஜூலை முதல் வாரம் மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். மொத்தம் ஏழு சோதனைகள். முதலில் "நீங்கள் வழக்கமாகச் செய்வது போலச் செய்து காட்டுங்கள்" என்றார்கள். பலன் வந்தது. எந்தக் குழாயில் எது என்று எண்ணுகிறவருக்குத் தெரியும் நிலை அது.

கடைசி மூன்று சோதனைகளில் எல்லாமே மறைப்பு. குழாய்களுக்கு ரகசிய எண் போட்டார்கள். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்ற தாளை மடித்து, அலுமினிய ஃபாயிலில் சுற்றி, உறையில் போட்டு ஒட்டி, ஆய்வுக்கூடத்தின் கூரையில் எல்லோர் கண்ணெதிரிலும் டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். ராண்டியின் யோசனைகளை இங்கே பார்க்கலாம். கையைப் பார்க்காமல் கண்ணைப் பார்க்கிற தொழில் அவருடையது. யாராவது தொட்டால் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தாவனா எண்ணினார். உறையைப் பிரித்தார்கள். ரொம்ப நீர்த்த குழாய்களுக்கும் வெறும் கண்ட்ரோல் குழாய்களுக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. மூன்று தடவையும்.

அறிக்கையில் இன்னும் இரண்டு விஷயம் இருந்தது. இந்தச் சோதனை மாதக்கணக்கில் வேலை செய்யாமல் போன காலங்கள் உண்டு என்று கூடத்தாரே சொன்னது ஒன்று. 13 பேரில் இருவருடைய சம்பளம், புவாரோன் என்ற ஹோமியோபதி மருந்துக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்தது என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். எனக்கு முதலாவதுதான் பெரிது. வேலை செய்யாத மாதங்களை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

#8 டீக்கடை_பெஞ்ச்

எங்க ஹாஸ்டல் சாம்பாரும் இதே டெக்னிக்தான். பருப்புக்கு ஞாபகம் மட்டும் இருக்கும்.

#9 நீர்க்கோலம்

பெஞ்ச் 😂

பழைய_இதழ், அப்போ என் கேள்விக்குப் பதில் எனக்கே கொஞ்சம் புரிகிறது. நான்கு கூடத்தில் செய்தாலும் நான்கிலும் எண்ணுகிறவருக்கு விடை தெரிந்திருந்தால் அது ஒரே கூடம் மாதிரிதான். சரியா?

#10 பழைய_இதழ்

ஏறக்குறைய. பிரான்ஸிலேயே இதற்கு முன்கதை உண்டு. 1903இல் நான்சி நகரத்தில் பிளாண்ட்லோ என்ற இயற்பியலாளர் என்-கதிர் என்று ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். பல பேர் "நானும் பார்த்தேன்" என்று கட்டுரை எழுதினார்கள். 1904இல் அமெரிக்காவிலிருந்து ராபர்ட் வுட் நேரில் போனார். இருட்டு அறையில் சோதனை நடந்துகொண்டிருக்கும்போது கருவியின் முக்கியமான பட்டகத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். பிளாண்ட்லோ அதே கோடுகளை அதே இடத்தில் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு அங்கே மதிப்பே இல்லாமல் போயிற்று.

#11 ஆர்னிகா30

சரி, மறைப்பு வேண்டும் என்கிறீர்கள். மறைப்போடு செய்தும் பலன் வந்திருக்கிறதே, அதை ஏன் யாரும் எழுதவில்லை?

1991இல் அல்ஃப்ரெட் ஸ்பிரா என்ற புள்ளியியல் நிபுணரின் மேற்பார்வையில் பென்வெனிஸ்த் மறுபடி செய்தார். பிரெஞ்சு அகாதமியின் இதழில் வந்தது. அப்புறம் பெல்ஃபாஸ்டில் மேடலின் என்னிஸ். அந்த அம்மா ஹோமியோபதியை நம்பாதவர். நான்கு ஐரோப்பியக் கூடங்கள், குழாய்களை வேறு இடத்தில் தயாரித்து எண் போட்டு அனுப்பினார்கள், நீர்த்த ஹிஸ்டமின் (ஒவ்வாமையின்போது உடம்பில் வெளிவரும் பொருள்) பேசோஃபிலைக் கட்டுப்படுத்துகிறது என்று முடிவு வந்தது. 2004இல் விரிவான கட்டுரையே வெளியாயிற்று. நம்பாதவரே ஒப்புக்கொண்டார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#12 லேப்_செல்வி

நல்ல கேள்வி அண்ணே. இந்த இழையிலேயே இதுதான் பலமான வாதம், கிண்டல் பண்ணித் தள்ள முடியாது.

#13 பழைய_இதழ்

ஒப்புக்கொள்கிறேன். என்னிஸ் கட்டுரை மட்டும் இருந்திருந்தால் நானும் தலையைச் சொறிந்திருப்பேன். ஆனால் அது மட்டும் இல்லை.

முதலில் பென்வெனிஸ்த் சோதனை. 1993இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழு, அவர் முறையை முடிந்தவரை அப்படியே பின்பற்றிச் செய்து, பலன் இல்லை என்று நேச்சரிலேயே எழுதியது. என் முறையை அவர்கள் சரியாகப் பின்பற்றவில்லை என்றார் பென்வெனிஸ்த்.

பிறகு என்னிஸ் சோதனை. 2002இல் பிபிசியின் ஹொரைசான் நிகழ்ச்சி இதை எடுத்துக்கொண்டது. பந்தயம் ராண்டியின் பத்து லட்சம் டாலர். குழாய்களுக்கு எண் போட்டு, இரண்டு கூடங்களில் தனித்தனியாக எண்ணி, கடைசியில் பிரித்துப் பார்த்தால் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட ஒன்றும் தேறவில்லை. அது என் முறையே இல்லை என்றார் என்னிஸ். டிவி நிகழ்ச்சியை நான் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அந்த வகையில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் 2005இல் சுவிட்சர்லாந்தின் பெர்னில் செய்தவர்கள் டிவிக்காரர்கள் இல்லை, இதில் ஆர்வமுள்ள ஆய்வாளர்கள்தான். நீர்த்த ஹிஸ்டமினுக்குப் பலன் இல்லை. சோதனை அமைப்பில் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகளைக் கட்டுப்படுத்தாவிட்டால் அதுவே பலன் மாதிரித் தெரியும் என்று எச்சரித்தார்கள்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது அமெரிக்கச் சோதனை. பென்வெனிஸ்த் 90களில் இன்னும் ஒரு படி மேலே போனார். தண்ணீரின் நினைவை ஒலிப்பதிவு மாதிரிக் கம்ப்யூட்டரில் பதிந்து, ஃபோன் வழியாகவும் இணையம் வழியாகவும் அனுப்பலாம் என்றார். (இக் நோபல் என்ற கிண்டல் பரிசு 1991இல் ஒரு முறை, இதற்காக 1998இல் இன்னொரு முறை. இரண்டு முறை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.) அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பின் பணத்தில் ஒரு குழு இதைச் சோதித்தது. பென்வெனிஸ்த் கூடத்து ஆட்களும் கூடவே இருந்தார்கள், வேலையைச் செய்தது அவர்களுடைய தானியங்கி ரோபோ. சில நாள் பலன் வருகிற மாதிரி இருந்தது. எப்போதென்று தேடிப் பார்த்தால், அந்தக் கூடத்து ஆராய்ச்சியாளர் ஒரு குறிப்பிட்டவர் இருந்த நாட்களில். முழுக் கட்டுப்பாட்டோடு செய்தபோது பலன் நிலைக்கவில்லை. 2006இல் ஃபாசெப் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பென்வெனிஸ்த் அதைப் பார்க்கவில்லை, 2004 அக்டோபரிலேயே இறந்துவிட்டார்.

அந்தக் குழுவின் தலைவர் வேய்ன் ஜோனஸ் மாற்று மருத்துவத்தின் எதிரி இல்லை, அந்தத் துறையில் முக்கியமானவர். அவரைப் "பகையாளி" என்று தள்ளிவிட முடியாது. அதனால்தான் இந்தச் சோதனைக்கு எடை.

#14 மின்மினி_பொறியாளர்

ஐஐடி பாம்பேயைப் பற்றி யாரும் பேசவில்லையே? 2010இல் அவர்கள் 200 பொட்டன்சி (அதாவது நூறு நூறாக 200 தடவை நீர்த்த) மருந்துகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தங்கம், செம்பு, வெள்ளி எல்லாம் நானோ துகள்களாக இருப்பதைக் காட்டினார்கள். மூலக்கூறு இல்லை என்ற வாதமே அடிபட்டுப் போகிறது.

#15 கணக்குப்பிள்ளை

அந்தக் கட்டுரை உண்மைதான், ஒழுங்கான ஆட்கள். ஆனால் அதை யார் பக்கம் வைப்பது என்று யோசியுங்கள்.

அவர்கள் சொல்லும் விளக்கம் இது: குலுக்கும்போது துகள்கள் நுரையோடு மேலே மிதக்கின்றன, மேல் அடுக்கிலிருந்தே அடுத்த குழாய்க்கு எடுப்பதால் அவை கூடவே போகின்றன. இது சரியென்றால் நீர்த்தல் நடக்கவே இல்லை, பொட்டன்சி எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 6உம் 200உம் ஒன்றுதான். "நீர்க்க நீர்க்க வீரியம் கூடும்" என்ற கொள்கைக்கு அது அடி, ஆதரவு இல்லை.

இன்னொன்று. நாம் வாங்கும் சர்க்கரையிலும் ஆல்கஹாலிலும் கண்ணாடியிலும் உலோகம் நுண்ணளவில் இருக்கத்தான் செய்யும். இவ்வளவு கொஞ்சத்தைத் தேடும்போது, எதுவும் போடாமல் அதே மாதிரி 200 தடவை குலுக்கிய வெறும் திரவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தவிர, துகள் இருப்பது வேறு, அது நோயைத் தீர்ப்பது வேறு.

#16 ஆர்னிகா30

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறீர்கள். இயந்திரம் வைத்து எண்ணினால் குற்றம், கையால் எண்ணினால் குற்றம். என் நாக்குக்கு எந்த அகாதமியின் அனுமதியும் வேண்டாம். நேட்ரம் மூர் 30ஐ நாக்கில் போட்டால் ஒரு சுறுசுறுப்பு ஏறும், வெறும் உருண்டை மந்தமாகக் கிடக்கும். இது எனக்குத் தெரிந்தது.

#17 லேப்_செல்வி

அண்ணே, கோபப்படாதீர்கள். நான்காம் பதிவில் குறித்து வைத்தேன் என்று சொன்னது இதைத்தான்.

நேட்ரம் மூர் என்றது அருமை. நம்ம சமையல் உப்பு. 1835இல் ஜெர்மனியில் நூரெம்பர்க் ஊரில் சண்டை வந்ததும் இதே உப்பு 30க்குத்தான். உள்ளூர் ஹோமியோபதி டாக்டர் ஒருவர் சவால் விட, ஊர்க்காரர்கள் ஒரு சத்திரத்தில் கூடிச் சோதனை செய்தார்கள். 100 சின்னக் குப்பிகளைக் கலக்கி எண் போட்டு, பாதியில் உருக்கிக் காய்ச்சி வடித்த பனி நீர், பாதியில் உப்பு 30. எதில் எது என்ற பட்டியலை உறையில் போட்டு முத்திரை வைத்தார்கள். குடித்தவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. 54 பேர் வாங்கிப் போனார்கள். மூன்று வாரம் கழித்து 50 பேரிடமிருந்து தகவல் வந்தது. உடம்பில் ஏதோ வித்தியாசம் என்று சொன்னவர்கள் 8 பேர்தான். அதில் 5 பேர் குடித்தது உப்பு 30, 3 பேர் குடித்தது வெறும் தண்ணீர்.

அந்தக் காலத்திலேயே இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒத்துக்கொண்டால் முறையை எழுதுகிறேன்.

#18 ஆர்னிகா30

செய்கிறேன். எழுதுங்கள்.

#19 லேப்_செல்வி

சபாஷ் அண்ணே.

கடையில் வெறும் சர்க்கரை உருண்டை, மருந்து தயாரிக்கும் ஆல்கஹால், நேட்ரம் மூர் 30 மூன்றும் வாங்குங்கள். ஒரே மாதிரி 12 சின்னப் பாட்டில். மருந்துப் பாட்டிலில் நேட்ரம் மூர் சொட்டு விட வேண்டும். மற்றதை அப்படியே விடக்கூடாது. அதிலும் அதே ஆல்கஹாலில் அதே அளவு சொட்டு. இல்லையென்றால் உங்கள் நாக்கு ஆல்கஹால் நனைத்த உருண்டையைத்தான் கண்டுபிடிக்கும். இரண்டும் ஒரு நாள் காயட்டும்.

இதை நீங்கள் செய்யக்கூடாது, அண்ணியும் கூடாது. வேறு யாராவது தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் நாணயம் சுண்டி முடிவு செய்யட்டும். ஆறு ஆறு என்று பிரிக்க வேண்டாம், கடைசியில் மிச்சத்தை எண்ணியே சொல்லிவிடலாம். பட்டியலை எழுதி ஒட்டிய பிறகு அந்த ஆள் உங்கள் கண்ணில் படக்கூடாது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில். அன்றன்றைக்கே விடையை இந்த இழையில் போடுங்கள். அப்புறம் மாற்ற முடியாது.

#20 கணக்குப்பிள்ளை

தொடங்கும் முன் கோட்டைப் போட்டுவிடலாம். சும்மா ஊகித்தாலே 12இல் 6 வரும். 10 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வருவது 4096இல் 79 வாய்ப்பு, அதாவது 2 சதவீதம். 10 வந்தால் நான் இங்கே பகிரங்கமாக வாயை மூடிக்கொண்டு அடுத்த சோதனைக்கு என் செலவில் மருந்து வாங்கித் தருகிறேன். சம்மதமா? இப்போதே சொல்லுங்கள், உறையைப் பிரித்த பிறகு பேரம் கிடையாது. வேறு ஏதாவது நிபந்தனை இருந்தாலும் இப்போதே.

#21 ஆர்னிகா30

சம்மதம். நிபந்தனை எதுவும் இல்லை. அக்கா மகன் காலேஜ் லீவில் வந்திருக்கிறான். மாடியில் உட்கார்ந்து எல்லாம் செய்துவிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டான். பட்டியலைச் சப்பாத்தி சுற்றும் ஃபாயிலில் சுற்றி உறையில் போட்டிருக்கிறான். கூரையில் ஒட்ட வழியில்லை, ஓடு. அரிசி டிரம்முக்குள் போட்டிருக்கிறோம்.

முதல் நாள்: மருந்து. சந்தேகமே இல்லை.

#22 ஆர்னிகா30

இரண்டாம் நாள்: வெறும் உருண்டை.

#23 டீக்கடை_பெஞ்ச்

அரிசி தீர்ந்துடப் போகுது, சீக்கிரம்.

*(தினசரி விடைகள் கொண்ட 9 பதிவுகள் சுருக்கப்பட்டுள்ளன. – மட்டுறுத்துநர்)*

#33 ஆர்னிகா30

பன்னிரண்டாம் நாள்: மருந்து. நடுவில் ஐந்தாறு நாள் கொஞ்சம் குழப்பமாக இருந்தது, முதல் நாள் மாதிரித் தெளிவாக இல்லை. ஆனால் விடை சொன்னது சொன்னதுதான்.

மாலையில் உறையைப் பிரிக்கிறோம். மருமகனை வீடியோவில் கூப்பிட்டிருக்கிறேன்.

#34 ஆர்னிகா30

7.

#35 கணக்குப்பிள்ளை

மறைக்காமல் போட்டதற்கு நன்றி சார். நிஜமாகவே. 7 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வருவது நூற்றுக்கு 39 தடவை.

#36 ஆர்னிகா30

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பாட்டில்களை வைத்த அலமாரியின் மேல் தட்டில் பூஜைக் கற்பூரம் இருந்திருக்கிறது. கற்பூரம் மருந்தின் வீரியத்தை முறிக்கும், இது எல்லா ஹோமியோபதிக்காரருக்கும் தெரியும். வீட்டம்மா இன்றைக்குத்தான் சொன்னாள்.

#37 லேப்_செல்வி

அண்ணே, முதல் நாள் "சந்தேகமே இல்லை" என்று எழுதியபோதும் அந்தக் கற்பூரம் அங்கேதானே இருந்தது? அன்றைக்கு விடை சரியா, தப்பா?

#38 ஆர்னிகா30

தப்பு. வெறும் உருண்டை.

#39 நீர்க்கோலம்

சித்தப்பாவுக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன். "மேஜிக்காரன் போனான்னு எழுதியிருக்கே, அதைப் படிச்சியா?" என்று மட்டும் பதில் வந்தது.

#40 ஆர்னிகா30

கற்பூரத்தை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டேன். காபி, புதினா, வெங்காயம் எல்லாம் 12 நாளைக்கு நிறுத்தம். வேறு ஏதாவது முறிக்குமா என்று புத்தகத்தில் பார்த்து முன்கூட்டியே பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன், நாளைக்கு இங்கே பதிகிறேன். அதற்குப் பிறகு எதையும் சேர்க்க மாட்டேன். மருமகன் வெள்ளிக்கிழமை வருகிறான். 10 என்ற கோடு அப்படியே இருக்கட்டும், கணக்குப்பிள்ளை சார்.